கதவுக்குத் தெரியாத கை

காலை ஆறரை மணிக்குள்ளேயே அமலினியின் கைத்தொலைபேசி பதினேழு தடவை அதிர்ந்துவிட்டது. அவிந்துகொண்டிருந்த பிட்டுக்கும் மகளின் பள்ளிக்கூடப் பைக்கும் நடுவே ஓடித் திரிந்தவள், ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். வாசல் கமரா மாடிப்படியில் ஆள் நடமாட்டத்தைக் கண்டதாம். மேல்வீட்டுக் கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறார். தூசி உறிஞ்சும் ரோபோ சோபாவுக்கு அடியில் சிக்கிக்கொண்டதாம். வரவேற்பறை விளக்குக்கு இணையம் கிடைக்கவில்லையாம். சமையலறைக் காற்றில் ஈரம் கூடிவிட்டதாம். பிட்டு அவித்தால் ஈரம் வராமல் வேறு என்ன வரும்?

"இந்தச் சனியனை ஒருக்கா நிப்பாட்டிவிடுங்கோவன்," என்றாள் கணவனிடம்.

றொஜர் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு நின்றான். மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்தில் பரிமாறும் வேலை அவனுக்கு. "நிப்பாட்டக் கூடாதப்பா. வீடு எங்களோடை கதைக்குது. நாங்கள்தான் காது குடுத்துக் கேக்க வேணும்," என்றான் பெருமையோடு.

"கதைக்கட்டும். ஆனா உருப்படியா ஒரு கதையும் கதைக்கக் காணேல்லை."

வெளியே இரண்டு நாளாகச் சிரோக்கோ வீசிக்கொண்டிருந்தது. பாலைவனத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு கடல் கடந்து வரும் அந்தச் சுடுகாற்று இத்தாலியின் பலெர்மோ நகருக்குள் புகுந்தால் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளாது. யன்னலைத் திறந்தால் புழுதி, பூட்டினால் புழுக்கம். எட்டு வயது றெபேக்காவுக்கு ஆஸ்துமா இருந்தது. இந்தக் காற்று அவளுக்கு ஆகவே ஆகாது. நெஞ்சு இறுகும்போது வாயில் வைத்து அடிக்கும் பம்பை அமலினி பள்ளிப் பையிலிருந்து எடுத்து ஆட்டிப் பார்த்தாள். லேசாக இருந்தது. முடியப்போகிறது. புதியது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டியபோது பதினெட்டாவது தடவையாகத் தொலைபேசி அதிர்ந்தது. ரோபோ இப்போது குளியலறைப் படியில் ஏற முடியாமல் உதவி கேட்கிறது. அதைத் தூக்கி வைக்கப் போனவள், புதிய பம்பை மறந்துபோனாள்.

இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து இரண்டு மாதம்தான். மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்பக்கத் தெருவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நாலாம் மாடி. மன்னாரிலிருந்து வந்து பதினான்கு வருடம் மற்றக் குடும்பங்களோடு ஒரே குசினியில் முறைபோட்டுச் சமைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கு இது அரண்மனை. அந்தச் சந்தோசத்தில் றொஜருக்கு ஒரு அரிப்பும் சேர்ந்து வந்தது. அதைச் சொறிந்துவிட்டவன் அவனுடைய மச்சான் கிருபன்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போதெல்லாம் கிருபன் தன் வீட்டுப் புதினங்களை அவிழ்ப்பான். "லைட்டைப் போடு எண்டு சொன்னால் போடும் மச்சான். ஆர் வாசல்லை நிக்கினம் எண்டு நான் வேலையிலை இருந்தே பாப்பன். பையிலை கொண்டு திரியிற திறப்பு எண்ட சாமானே எங்கடை வீட்டிலை இல்லை. விரலை வைச்சால் கதவு திறக்கும்." சொல்லிவிட்டு விரலையும் தூக்கிக் காட்டுவான். அவன் மனைவி செல்வமலர் பக்கத்தில் பேசாமல் நிற்பாள்.

அதற்குப் பிறகு றொஜரால் சும்மா இருக்க முடியவில்லை. பேருந்திலும் கட்டிலிலும் தொலைபேசியில் சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தான். புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சுவாமியார் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் பூட்டி முடிக்க வேண்டும் என்று நின்றான்.

"வாங்கிறதெண்டால் எனக்கு ரெண்டு அலுவல் இருக்கு," என்று அமலினி அப்போது சொன்னாள். "தண்ணி முறை வருகுதோ இல்லையோ எண்டு கிழமைக்குக் கிழமை விடியவே மொட்டை மாடிக்கு ஏறி ஏறிப் பாக்கிறன். தாங்கிக்குள்ளை தண்ணி விழுந்தால் சொல்லுற சாமான் ஏதும் இருக்கோ? மற்றது, பொயிலரும் உடுப்புத் தோய்க்கிற மெசினும் ஒண்டா ஓடினால் கரண்ட் விழுந்திடுது. நாலு மாடி இறங்கிப் போய் மீட்டர் சுவிச்சைத் தூக்கிவிடுறது நான்தான். அதுக்கு ஒரு வழி பாருங்கோ."

அவள் கேட்டது நியாயமான கேள்வி. மழை பொய்த்த காலம் அது. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வரும் நாளில் தாங்கி நிரம்பாவிட்டால் அடுத்த முறைவரை வாளிக் குளியல்தான்.

"அதெல்லாம் சின்னச் சாமான் அமலினி. அதைப் பூட்டி ஆருக்குக் காட்டுறது?" என்றான் றொஜர்.

ஆருக்குக் காட்டுறது என்ற சொல் தன்னையறியாமல் அவன் வாயிலிருந்து விழுந்தது. விழுந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பதினாறு நிறம் காட்டும் பல்புகள். சொன்னதைக் கேட்கும் ஸ்பீக்கர். அதற்கு இத்தாலி விளங்கும், தமிழ் விளங்காது. ரோபோ வந்தது. நாள் முழுக்க நாலு வீடு கூட்டித் துடைத்துவிட்டு வரும் அமலினி, அது ஓடுவதற்கு முன்னால் தரையில் கிடக்கும் செருப்பு, பை, வயர் எல்லாவற்றையும் பொறுக்கி வழிவிட வேண்டியிருந்தது. வேலைக்காரனுக்கு வேலை செய்யும் வேலை அவளுக்கு. கடைசியாக வந்தது கைரேகைப் பூட்டு.

விரல் பதிந்த நாளில் றொஜரின் பெருவிரலைப் பூட்டு முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. றெபேக்காவின் விரலை அவன் பதியவில்லை. பிள்ளை தனியே கதவைத் திறந்துகொண்டு போய்விடும் என்று பயம். அமலினியின் விரலைப் பூட்டுத்தான் ஏற்கவில்லை. வலது பெருவிரல், சுட்டுவிரல், இடது பெருவிரல் என்று மாற்றி மாற்றி வைத்தாள். பதினோராம் தடவை ஒருவழியாகப் பதிந்தது. ஆனால் அடுத்த நாளே அவளைத் தெரியாது என்றது. ஐந்து தடவை வைத்தால் ஒரு தடவை திறக்கும். திறக்காத நேரமெல்லாம் ஒரு இத்தாலியப் பெண் குரல், "தெரியவில்லை, மீண்டும் முயலுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லும். வேலைவீடுகளில் பழகிய வாயால் அமலினியும் அதற்கு "ஸ்கூஸி" என்று மன்னிப்புக் கேட்பாள்.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. சென்ற வருடம் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போனபோதும் இதே கதைதான் நடந்தது. அங்கிருந்த அதிகாரி அவள் கையைத் திருப்பிப் பார்த்து, கொஞ்ச நாள் கிரீம் பூசிவிட்டு வாருங்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். பதினான்கு வருடம் பிறத்தியார் வீட்டுக் குளியலறைகளைக் கார மருந்து ஊற்றித் தேய்த்த கை அது. அதில் ரேகை எங்கே மிஞ்சும்? அன்று அவள் பக்கத்தில் நின்றவன் றொஜர்தான். பூட்டு வாங்கும்போது அவனுக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"கோட் நம்பர் இருக்குத்தானே? அதை அடிச்சுக்கொண்டு வாரும்," என்றான்.

தொலைபேசியால் கதவைத் திறக்கும் வசதியையும் தன்னிடம் மட்டும் வைத்துக்கொண்டான். "நீர் தெரியாமல் எதையாவது அமத்திப்போடுவீர்," என்று அதற்கு ஒரு காரணம் சொன்னான். ஆக, வீட்டின் ஆரவாரம் இருவருக்கும், அதிகாரம் ஒருவனுக்கு. பூட்டோடு வந்த இரண்டு இரும்புத் திறப்புகளையும் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணியில் போட்டு, பாஸ்போர்ட் இருக்கும் அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தான். பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம். கதவு திறந்தால்தான் திறப்பை எடுக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். விருந்துக்கு வந்த கிருபனுக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் றொஜர் கதவைப் பூட்டித் திறந்து வித்தை காட்டினான். விரலால் ஒரு தடவை, தொலைபேசியால் ஒரு தடவை, கோட் நம்பரால் ஒரு தடவை. எல்லோரும் போன பிறகுதான் இத்தனை பேருக்கும் நம்பர் தெரிந்துவிட்டதே என்ற நினைப்பு வந்தது. திங்கள் முழுவதும் அது அவனை அரித்தது. அதனால் இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மொண்டெல்லோவுக்குப் போகும் பேருந்தில் இருந்தபடியே நம்பரை மாற்றினான். புதியதை வீட்டுச் செயலி வழியாகவே மனைவிக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு போனான்.

அந்தச் செய்தி அமலினிக்குப் போய்ச் சேர்ந்தது. சோபா, பல்பு, நாய், ஈரம் ஆகியவற்றுக்கு நடுவே, நாற்பத்துமூன்றாவதாக.

அவள் அதைப் பார்க்கவில்லை. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் அவள் வேலை செய்யும் வீட்டு எசமானியான சிஞ்ஞோராவுக்கு வேலை நேரத்தில் தொலைபேசி அதிர்வது பிடிக்காது. முன்பெல்லாம் அமலினியின் தொலைபேசி நாளுக்கு இரண்டு தடவை அடிக்கும், அடித்தால் அவசரம் என்று தெரியும். இப்போது அது ஓயாமல் துடிப்பதால், சத்தத்தை முழுதாக நிறுத்திப் பைக்குள் போட்டிருந்தாள். பகல் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தண்ணீர் குடிக்க வந்தவள் எதற்கும் பார்ப்போம் என்று எடுத்தாள். எழுபத்தொரு அறிவித்தல்கள். அவற்றுக்கு இடையில் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று தவறிய அழைப்புகள். முதலாவது வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

றெபேக்காவுக்கு இழுக்கிறது, பம்பில் மருந்து முடிந்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார் ஆசிரியை. அமலினி சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். காற்று தெருவெல்லாம் புழுதியை வாரி இறைத்தது. பேருந்து ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் நின்றது. பள்ளிக்கூட வாசலில் றெபேக்கா தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்செடுத்துக்கொண்டு நின்றாள். பேச்சு வரவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மூலையில் இருந்த மருந்துக்கடை மத்தியான இடைவேளைக்கு இரும்புக் கதவை இறக்கியிருந்தது. வீட்டில் புதுப் பம்ப் இருக்கிறது, வீட்டுக்குப் போனால் சரி என்ற ஒரே நினைப்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் ஏறினாள்.

கதவுக்கு முன்னால் வந்து கோட் நம்பரை அடித்தாள். பூட்டு சிவப்பாக மினுங்கியது. அவசரத்தில் பிழையாக அடித்துவிட்டேன் போலும் என்று நிதானமாக ஒவ்வொரு இலக்கமாக அடித்தாள். மறுபடி சிவப்பு. விரலை ஏப்ரனில் துடைத்துவிட்டு வைத்தாள்.

"தெரியவில்லை, மீண்டும் முயலுங்கள்."

வாயால் ஊதிவிட்டு வைத்தாள்.

"தெரியவில்லை, மீண்டும் முயலுங்கள்."

படியில் குந்தியிருந்த றெபேக்கா, இழுப்புக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அம்மா... நீங்கள்தான்... எண்டு... அதுக்குச் சொல்லுங்கோ."

"சொல்லுறன் அம்மா. நீ கதையாதை, மூச்சை மெல்ல எடு." அமலினி மற்றக் கையின் விரலை வைத்தாள். ஐந்தாவது தடவையும் தவறவே, பூட்டு தானாக முடங்கியது. பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லி விளக்கை அணைத்துக்கொண்டது.

றொஜரின் தொலைபேசிக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மத்தியானப் பரிமாறல் நேரத்தில் அவன் தொலைபேசி உணவகத்து அலுமாரிக்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு தடவை அடித்தாள். பிறகு கதவைக் கையால் அறைந்தாள், காலால் உதைத்தாள். புதுப் பூட்டு, நல்ல பலமான கதவு. அதற்குப் பின்னால் எட்டு அடி தள்ளிக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே அந்தச் சின்ன மருந்துப் பெட்டி இருந்தது. அமலினி வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஓசேயான் வெளியே வந்தாள். மொரீசியஸிலிருந்து வந்த, தமிழ் வழி இளம்பெண். பாட்டன் காலத்துத் தமிழ் அவளுடைய பெயரில்கூட மிச்சமில்லை. இருவரும் இத்தாலியில்தான் பேசிக்கொள்வார்கள். பிள்ளையின் உதட்டைப் பார்த்ததும் அவளுக்கு விசயம் விளங்கிவிட்டது. உடனே ஆம்புலன்ஸுக்கு அழைத்து விலாசம் சொன்னாள். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள். பிறகு, உன் கணவன் வேலை செய்யும் இடத்தின் பெயர் என்ன என்று அமலினியிடம் கேட்டு, உணவகத்தின் நம்பரைத் தன் தொலைபேசியில் தேடி எடுத்து அடித்தாள்.

அன்று உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர் வரவில்லை. றொஜரைத்தான் அந்த வேலைக்கு விட்டிருந்தார்கள். இரண்டு மணித்தியாலமாக முழங்கைவரை சவர்க்காரத் தண்ணீருக்குள் நின்றவனை முதலாளி சத்தம் போட்டுக் கூப்பிட்டார். பிள்ளை, மூச்சு, கதவு என்ற மூன்று சொல் காதில் விழுந்ததும் றொஜர் அலுமாரிக்கு ஓடினான். தொலைபேசியை எடுத்துப் பெருவிரலை வைத்தான்.

அது திறக்கவில்லை. கால்சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். திறக்கவில்லை. விரலைப் பார்த்தான். தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கே இப்படி.

இரகசிய எண்ணை அடித்துத்தான் திறந்தான். திரையில் முதலாவதாக நின்றது பூட்டின் அறிவித்தல்: "அறியாத நபர் உங்கள் கதவைத் திறக்க முயல்கிறார்." அதைத் தொட்டதும் வாசல் கமராவின் படம் விரிந்தது. ஏப்ரனோடு நிலத்தில் மண்டியிட்டு, மடியில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் கதவை அறைந்துகொண்டிருந்தாள் அந்த அறியாத நபர்.

றொஜர் பொத்தானை அமத்தினான். பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் கதவு ஒரு நொடியில் திறந்தது.

பம்பை இரண்டு தடவை அடித்த பிறகு றெபேக்காவின் தோள்கள் மெல்ல இறங்கத் தொடங்கின. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஒட்சிசன் கொடுத்து, நெஞ்சைச் சோதித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை என்றார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

மூன்று மணிக்கு றொஜர் வந்து சேர்ந்தான். மகள் நித்திரை. அவள் மூச்சை ஐந்து நிமிடம் நின்று எண்ணிவிட்டு, குசினிக்கு வந்து மேசையில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் தொலைபேசிக்கு மட்டும் வரும் பூட்டின் பழைய பதிவுகளைப் பேருந்தில் வரும்போது அவன் பார்த்திருந்தான். இப்போது தொலைபேசியை அவள் முன்னால் வைத்தான். மூன்று கிழமையில் முப்பத்தெட்டுப் படங்கள். மரக்கறிப் பையோடு நிற்கும் அமலினி. உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் அமலினி. குனிந்து விரலை ஊதும் அமலினி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வரி, அறியாத நபர்.

"இதெல்லாம் நான்தானே?"

"ஓம்."

"உங்களுக்கு வந்ததோ இது?"

"வந்தது. படத்தைத் திறந்து பாக்கேல்லை. ஆரோ விளம்பரக் கடதாசி போட வாறவன் எண்டு தட்டிவிட்டிட்டன்." அவன் படங்களை மேலே தள்ளிக்கொண்டே போனான். "முப்பத்தெட்டுத் தரமும் தட்டிவிட்டிட்டன், அமலினி."

அவள் எழுந்து தன் பையிலிருந்து ஒரு திறப்புக் கோர்வையை எடுத்து மேசையில் வைத்தாள். "இது சிஞ்ஞோரா வீட்டுத் திறப்பு. பன்னிரண்டு வருசமா என்னட்டை இருக்கு. இது மற்ற வீட்டுத் திறப்பு. இது டொக்டர் வீட்டுத் திறப்பு. ஊர் ஆக்களின்ரை வீடெல்லாம் நான் திறந்து போய் வாறன். என்ரை வீட்டுக்கு மட்டும் என்னட்டைத் திறப்பு இல்லை."

றொஜர் அந்தக் கோர்வையை எடுத்துத் திறப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நான் ரெண்டு சாமான் கேட்டனான். என்னெண்டு நினைவிருக்கோ?"

அவனுக்குப் பல்பின் பதினாறு நிறமும் நினைவில் இருந்தது. இது இல்லை. அவளே சொன்னாள். "தண்ணி. கரண்ட்." அவ்வளவுதான் சொன்னாள். அந்த இரண்டு சொல்லும் அவனைச் சுட்டன.

அன்று பின்னேரமே கைரேகைப் பூட்டு இறங்கியது. பழைய பூட்டு ஏறியது. அதற்கு நாலு திறப்பு வெட்டி, ஒன்றை ஓசேயான் வீட்டில் கொடுத்துவைத்தார்கள். பிறகு இருவரும் மேசையில் இருந்து வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது எந்த வேலையைக் குறைத்தது என்று கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றுக்குப் பதில் இல்லை. பல்புகளில் ஒன்றை மட்டும் றெபேக்கா விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். அது அவள் அறைக்குப் போனது. ரோபோவை இன்னும் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது, அதற்கு வழிவிடும் வேலை றொஜருடையது என்று தீர்மானமானது. மூன்றாம் நாளே அதை விற்றுவிடலாமா என்று றொஜர் கேட்டது வேறு கதை.

வாசல் கமராவையும் கழற்றினார்கள். அதற்குப் பதிலாக இரண்டு புதுச் சாமான்கள் வந்தன. இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒன்று மொட்டை மாடித் தாங்கிக்குள் மிதந்தது. தண்ணீர் விழத் தொடங்கினால் ஒரு செய்தி, நிரம்பினால் ஒரு செய்தி, மற்ற நேரம் வாயே திறக்காது. மற்றது பொயிலரின் பிளக்கில் உட்கார்ந்து, விடியற்காலையில் தண்ணீரைச் சுடவைத்துவிட்டு, துணி தோய்க்கும் நேரத்தில் தானாக நின்றது. மீட்டர் விழவில்லை. இரண்டின் பொறுப்பும் அமலினியின் தொலைபேசிக்குப் போனது. அதில் பழையபடி சத்தத்தைப் போட்டாள். இப்போது அது அடித்தால் ஏதோ அலுவல் என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, பிள்ளையைப் பார்க்கக் கிருபனும் செல்வமலரும் வந்தார்கள். வாசலில் நின்ற கிருபன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எங்கை மச்சான் அந்த லொக்? திரும்பவும் இரும்புத் திறப்புக்குப் போயிட்டியளோ? ஊர் முன்னாலை போகுது, நீ பின்னாலை போறாய்."

"அது நல்ல பூட்டுத்தான் கிருபன்," என்றான் றொஜர், இருவரையும் உள்ளே கூட்டிவந்து மேசையில் இருத்தியபடி. "என்னைத் தெரியும், உன்னைக்கூட வேணுமெண்டால் தெரிஞ்சிருக்கும். இந்த வீட்டைக் கூட்டித் துடைச்சுச் சமைச்சு வைச்சிருக்கிற என்ரை மனிசியை மட்டும் ஆரெண்டு தெரியாதெண்டிட்டுது. அவளின்ரை கையைப் பதினான்கு வருசமாப் பாத்துக்கொண்டிருந்த நானே யோசிக்கேல்லை, பூட்டைக் குறை சொல்லி என்ன? வீட்டுக்கு என்ன தேவை எண்டு கடையைக் கேக்காதை, என்னைமாதிரி அடுத்த வீட்டையும் பாக்காதை. அந்த வீட்டிலை ஆர் வேலை செய்யினமோ அவையைக் கேட்டிட்டு வாங்கு. அவையின்ரை ஒரு வேலையைக் குறைச்சால் அது நல்ல சாமான். குறைக்காட்டி அது வெறும் விளையாட்டுச் சாமான்."

கிருபன் ஏதோ பகிடியாகச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் செல்வமலர் தன் கையை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அவளும் பத்து வருடமாகப் பிறத்தியார் வீட்டுத் தரை துடைப்பவள். விரல் நுனிகள் தேய்ந்து மினுங்கின.

"எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான்," என்றாள் அமலினியைப் பார்த்து. "எனக்கு அது திறக்கிறேல்லை. இவர் வேலையாலை வருமட்டும் கீழ்ப்படியிலை இருந்து கீரை ஆய்வன்."

கிருபன் அவள் கையை எடுத்துப் பார்த்தான். "எத்தினை நாளா?"

"பூட்டின நாளிலை இருந்து."

"ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?"

செல்வமலர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் எங்கையப்பா கேட்டனீங்கள்?" என்றாள்.